ஆலங்கட்டி விழுந்த தோட்டம்

ஏப்ரல் 9

அன்பு வாலுக்கு,

அண்ணி எழுதுவது. நானும் உன் அண்ணனும் சுகம். உன் இருமல் தேவலையா? ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து ஆவியில் நாள் முழுக்க நின்றால் இருமல் எங்கிருந்து போகும்? வெந்நீர் குடி. சொன்னால் கேட்கவா போகிறாய்.

அண்ணனைப் பற்றி விவரமாக எழுதச் சொல்லியிருந்தாய். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போனபோது, இந்த மனிதர் பஸ் ஓட்டுவது கிடக்கட்டும், சட்டைப் பொத்தானாவது போடுவாரா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நீயும் நானும் அழுதோமே, இப்போது வந்து பார். வீட்டுப் பின்பக்கம் முழுக்கப் பாத்தி. கத்தரி, தக்காளி, வெண்டை, பூசணி, பந்தலில் பீர்க்கங்காய். இடது கையால் கொத்துகிறார், வலது கையை முட்டாக ஊன்றிக்கொள்கிறார்.

பேச்சும் அங்கேதான் வந்தது. பயிற்சி கொடுக்க வருகிற பெண் சிங்கம், கப்பல் என்று படம் காட்டுவாள். இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் செடியைத் தொட்டுக்கொண்டு தானாக “கத்தரி” என்றார். அன்றிலிருந்து வாய் மூடவில்லை. ஆனால் எல்லாச் சொல்லும் காய்தான். தபால்காரர் பூசணி. மாடியில் குடியிருக்கிற தையல்காரர் முருங்கை. நான் பாகற்காய். வேறு சொல் வாயில் வரவில்லையாம். முப்பது வருஷமாக மனதில் வைத்திருந்ததுதான் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

உனக்கு என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். யோசித்து “வெண்டை” என்றார். ஒல்லியாக இருக்கிறாய் என்று அர்த்தம். நன்றாகச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அண்ணி

ஏப்ரல் 28

அன்புள்ள அண்ணிக்கு,

வெண்டைக்காய் எழுதிக்கொள்வது. உங்கள் கடிதத்தை அறையில் உரக்கப் படித்தேன். என்னோடு தங்கியிருக்கிற இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இப்போது அவர்களும் தங்களுக்கு ஒரு காய் வேண்டும் என்கிறார்கள். அண்ணனிடம் கேட்டு எழுதுங்கள். ஒருத்தி குட்டை, நல்ல சிவப்பு. தக்காளியாக இருக்குமோ?

இருமல் பரவாயில்லை. இஸ்திரி எந்திரத்தின் தட்டில் மணிக்கட்டு பட்டுக் கொஞ்சம் சுட்டுக்கொண்டேன், அதுவும் ஆறிவிட்டது. அண்ணனிடம் சொல்ல வேண்டாம். சின்ன வயசில் எனக்கு ஒரு முள் குத்தினாலே ஊரைக் கூட்டியவர் அவர்.

வருஷக் கடைசியில் லீவு போட்டு வருகிறேன். அதுவரை அந்தப் பீர்க்கங்காயை எல்லாம் நீங்களே தின்று தீர்த்துவிடாதீர்கள். முத்தினாலும் பரவாயில்லை, முதுகு தேய்க்கவாவது ஒன்று வையுங்கள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி கூட எழுதவில்லையே. முழங்கால் வலி எப்படி?

உங்கள் நாத்தனார்

மே 21

அன்பு வாலுக்கு,

நாங்கள் நலம். உன் நலம் அறிய ஆவல். பெரிய செய்தி ஒன்றும் இல்லை. தோட்டம் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. முதலில் காற்று துணிக்கொடியை அறுத்துப் போட்டது. பிறகு சமையலறையின் தகரக் கூரையில் யாரோ கல்லெறிகிற சத்தம். எவன்டா அது என்று கத்திக்கொண்டே எட்டிப் பார்த்தால், ஆலங்கட்டி. சுண்டைக்காய் அளவில் ஆரம்பித்து எலுமிச்சை அளவுக்கு வந்தது. பீர்க்கம்பந்தல் முறிந்து சுவரில் சாய்ந்தது. தக்காளி பழமும் பிஞ்சுமாகத் தரையோடு தரையாகக் கூழாகிவிட்டது. கத்தரி இலை எல்லாம் சல்லடை. வெண்டைச் செடிகள் இடுப்பில் ஒடிந்து வெறும் குச்சியாக நிற்கின்றன. பூசணிப் பிஞ்சுகளில் சுத்தியலால் அடித்த மாதிரி குழி.

நின்ற பிறகு பார்த்தால் உப்பு மூட்டையைக் கொட்டிய மாதிரி பின்பக்கம் முழுக்க வெள்ளை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நசுங்கிய தக்காளி இலையின் வாசனைதான் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

உன் அண்ணன் படுத்திருக்கிறார். அலுப்பு. இந்தத் தடவை உன் அறைத் தோழிகளுக்குக் காய் அனுப்ப முடியவில்லை. இருந்தால்தானே அனுப்புவதற்கு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு எனக்கே சாப்பாடு இறங்கவில்லை, அண்ணனுக்கு எப்படி இருந்திருக்கும்! என்ன சொன்னார்? பஸ்ஸுக்குக் குறுக்கே வந்தவனைத் திட்டுகிற மாதிரி வானத்தைப் பார்த்துத் திட்டியிருப்பாரே?

இங்கே ஆஸ்பத்திரித் தோட்டக்காரரிடம் விசாரித்தேன். ஒடிந்த இடத்துக்குக் கீழே வெட்டிவிட்டால் கத்தரி மறுபடி துளிர்க்குமாம். வெண்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக விதைக்க வேண்டுமாம். நல்ல விதையாக அவரே பார்த்துக் கொடுத்தார். தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அண்ணன் மனசு விட்டுவிடக் கூடாது. உடனே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் தெரு மருந்துக்கடைக்கு ஃபோன் செய்கிறேன். அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு காய் பேர் சொன்னாலும் போதும், குரலைக் கேட்டால் எனக்குத் தெம்பு வரும்.

உங்கள் நாத்தனார்

ஜூன் 20

அன்பு வாலுக்கு,

இங்கு அனைவரும் நலம்.

ஃபோனில் சரியாகப் பேச முடியவில்லை. கடையில் கூட்டம். அவருக்குச் சளி என்று சொன்னேன் அல்லவா, வெளியே அழைத்து வர வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கத்தரி துளிர்க்கவில்லை. தண்டு உள்ளே கறுத்துவிட்டது. பந்தல் கழிகளை வெட்டி விறகாக அடுக்கிவிட்டேன். பூசணிக் கொடியில் ஒரு பூ வந்தது, அதுவும் உதிர்ந்தது. விதை வந்து சேர்ந்தது. எதிர்வீட்டுக்காரி நிறைய நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கொடுத்துவிட்டேன். தப்பாக நினைக்காதே.

கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். பின்வாசலிலிருந்து குழாயடி வரைக்கும், பாத்தி இருந்த இடம் முழுக்க, சிமெண்ட் தளம் போடப் போகிறேன். அடுத்த மாதம் வருவதாகச் சொன்னார்.

முழங்கால் வலி அப்படியேதான். இருக்கிற வேலையில் அதைக் கவனிக்க யாருக்கு நேரம்? நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணி

ஜூலை 2

அண்ணிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு மனசு வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் அண்ணனைப் பற்றிக் கேட்டால் நீங்கள் கத்தரியைப் பற்றிப் பதில் எழுதுகிறீர்கள். அண்ணன் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, என்ன பேசினார், ஒன்றும் இல்லை. இப்போது சிமெண்ட் போடுகிறேன் என்கிறீர்கள்.

அந்த மண்ணில்தான் அவருக்குப் பேச்சு வந்தது என்று எழுதியதும் நீங்கள்தானே? சேற்றுக் காலோடு சமையலறைக்குள் வருகிறார், நகத்தில் அழுக்கு, வீடெல்லாம் மண் என்று எத்தனை தடவை குறைப்பட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு ஆலங்கட்டி ஒரு சாக்காகக் கிடைத்துவிட்டது. நான் அனுப்பிய விதையைத் தூக்கி எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டீர்கள். ஒரே ஒரு பாத்தியாவது போட்டுக் கொடுத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

எனக்கு அப்பா முகமே ஞாபகம் இல்லை. காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடியது அண்ணன். கைக்கு அடக்கமாக ஒரு தோட்டம் போட்டு ஆறுதல் தேடிக்கொண்டவரிடமிருந்து அதையும் பிடுங்குகிறீர்களே என்று வயிறு எரிகிறது.

சிமெண்ட் போட அண்ணன் சரி என்று சொன்னாரா? அவர் வாயால் சொன்னாரா? அதை மட்டும் எழுதுங்கள்.

நாத்தனார்

ஜூலை 25

அன்பு வாலுக்கு,

உன் கடிதம் வந்து நிறைய நாள் ஆகிவிட்டது. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

அவர் வாயால் சொன்னாரா என்று கேட்டிருந்தாய். இல்லை. மே மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து உன் அண்ணன் வாயால் எதுவும் சொல்வதில்லை.

அன்றைக்கு நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் மேஜையில் உட்கார்ந்திருந்தார். தகரத்தில் சத்தம் கேட்டதும் எழுந்து “தக்காளி! தக்காளி!” என்று கத்தினார். மேஜை மேல் கிடந்த பிளாஸ்டிக் விரிப்பை உருவிக்கொண்டு ஓடினார். “விடுங்க, போனா போகுது, உள்ள வாங்க!” என்று கத்தினேன். காதில் வாங்கவில்லை. புதிதாக விட்ட நாற்றுப் பாத்தி இருந்தது, அதன் மேல் விரிப்பைப் போடப் பார்த்தார். ஒரு கை போதவில்லை. ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, மறு முனையை இடது கையால் இழுத்தார். காற்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. நான் குடையோடு ஓடினேன், குடை கிழிந்துவிட்டது. அவர் முட்டி போட்டு நாற்றின் மேல் குனிந்துகொண்டார். முதுகில் விழட்டும் என்று. சட்டைக்கு மேல் விழுந்து விழுந்து தெறிக்கிறது. நான் தோளைப் பிடித்து இழுக்கிறேன். அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தார். தலையில் கட்டி விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அது இல்லை. இரண்டாவது தடவை வந்துவிட்டது.

மாடித் தையல்காரரும் நானும் தூக்கிக்கொண்டு போனோம். இப்போது வலது காலும் விளங்கவில்லை. பேச்சு சுத்தமாக இல்லை. நான் பக்கத்தில் போனால் உதட்டைக் கூட்டுவார். எதையோ தேடுகிற மாதிரி இருக்கும். பிறகு விட்டுவிடுவார்.

ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். அந்த மே மாதக் கடிதத்தை ஆஸ்பத்திரி பெஞ்சில் வைத்துத்தான் எழுதினேன். முதலில் தோட்டத்தைச் சொல்லிவிட்டு அவரைச் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். தோட்டத்தைச் சொல்லி முடித்ததும் கை நின்றுவிட்டது. அப்புறம் ஒவ்வொரு கடிதத்திலும் அப்படியே ஆயிற்று. கொதிக்கிற துணிக்கு நடுவில் நீ தனியாக நின்றுகொண்டு இதைப் படிப்பாயே என்றும் இருந்தது.

சிமெண்ட் எதற்கு என்றால், பழைய சக்கர நாற்காலி ஒன்று கிடைத்திருக்கிறது. மண்ணில் சக்கரம் புதைகிறது. ஒரு நாள் முதல் பாத்தியிலேயே மாட்டி, அவரோடு சேர்ந்து நானும் விழுந்தேன். உள்ளே படுத்துக்கொண்டு நாள் பூரா உத்தரத்தைப் பார்க்கிறார். தளம் போட்டால் வெளியே வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு வரலாம்.

நகத்தில் அழுக்கு என்று குறைப்பட்டது உண்மைதான். இப்போது அந்த நகம் சுத்தமாக இருக்கிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

உன் அண்ணி

ஆகஸ்ட் 3

அண்ணி,

துணி மடிக்கிற மேஜையில் நின்றபடியே படித்தேன். முழுக்க முடிக்க முடியவில்லை. கூட வேலை செய்கிறவள் என்னை உட்கார வைத்தாள்.

நான் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். எழுதியதைத் திருப்பி வாங்க முடியாது என்று தெரியும். என்றாலும் கிழித்துவிடுங்கள்.

வருஷக் கடைசி லீவை இப்போதே கேட்டு வாங்கிவிட்டேன். இருபதாம் தேதி வாக்கில் வருகிறேன். ஒரு வாரம் இருக்கலாம். அண்ணனிடம் சொல்லுங்கள். பதில் வராவிட்டாலும் சொல்லுங்கள். கொத்தனாரைச் சீக்கிரம் வரச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்

செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அறையில் எல்லாரும் விசாரித்தார்கள். பாதி சொன்னேன்.

அந்த ஒரு வாரத்தில் நாம் சண்டையும் போடவில்லை, சமாதானமும் பேசவில்லை. பாத்திரத்தை நீங்கள் தேய்த்தீர்கள், நான் கழுவினேன். நேரில் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வாசலில் உங்களைப் பார்த்ததும், இவ்வளவு இளைத்துப் போய்விட்டீர்களே என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை.

ஒரு விஷயம் உங்களிடம் சொல்லாமல் வந்துவிட்டேன். கடைசி நாள் காலையில் நீங்கள் மருந்து வாங்கப் போனபோது நாற்காலியைப் புதுச் சிமெண்ட் தளத்தில் நிறுத்தி அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கரண்டியை நீட்டினால் வாயைத் திறக்கவில்லை. என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு எந்திரத்தில் சுட்டுக்கொண்ட தழும்பு. இடது கையைத் தூக்கி அதன் மேல் கட்டை விரலை வைத்துத் தடவினார். என்ன ஆச்சு என்று கேட்கிறார். சொல்லாமல் எப்படி இருப்பது? “எந்திரத்துல பட்டுடுச்சுண்ணா, வலிக்கல, ஆறிப் போச்சு” என்றேன். கண் நிறைந்துவிட்டது அவருக்கு. பிறகுதான் வாயைத் திறந்தார்.

அண்ணி, எல்லாம் தெரிகிறது அவருக்கு. உள்ளேதான் இருக்கிறார். தினமும் வெயிலில் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள். விழுங்கும்போது இருமுகிறாரே, அதை டாக்டரிடம் சொன்னீர்களா?

உங்கள் முழங்காலுக்குத் தைலம் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

உங்கள் நாத்தனார்

அக்டோபர் 14

அன்பு வாலுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். தந்தியில் என்ன எழுத முடியும்? அதனால் இதை எழுதுகிறேன்.

நீ கேட்ட அந்த இருமல்தான். சாப்பிட்டது மூச்சுக்குழாயில் இறங்கி நெஞ்சில் சளி கட்டிவிட்டது. காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதல் நாள் தேறுகிற மாதிரி இருந்தது. மறுநாள் மத்தியானம் விரிப்பு மாற்ற வந்தார்கள். மொடமொடவென்று வெள்ளை விரிப்பு. இதுபோல எத்தனை விரிப்பு உன் கையில் தினமும் போகும் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்தார். என் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தார். பிடி தளர்ந்ததும் தூங்கிவிட்டார் என்று நினைத்து, சத்தம் போடாதீங்க என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் சைகை காட்டினேன். நர்ஸ் வந்து பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

இன்னொன்றும் நானே சொல்லிவிட வேண்டும். வேறு யாரும் சொல்லி உனக்குத் தெரியக் கூடாது. நீ வண்டி ஏறி வந்து சேர இரண்டு நாளாகும். “தங்கச்சி வர்றவரைக்கும் ஐஸ்ல வைக்கலாம்மா, வசதி இருக்கு” என்றார்கள். எல்லாரும் அதுதான் சரி என்றார்கள். ஐஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்த ஆலங்கட்டி ஞாபகம் வந்துவிட்டது. அந்த வெள்ளையில் அவர் விழுந்து கிடந்ததுதான் கண்ணில் நின்றது. மறுபடியும் அதற்குள் அவரைப் படுக்க வைக்க என்னால் முடியாது என்றேன். அன்று சாயங்காலமே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கிளம்ப வேண்டாம் என்று இரண்டாவது தந்தி கொடுக்கச் சொன்னது நான்தான். முகம் பார்க்க விடாமல் செய்துவிட்டேன்.

உன் அண்ணி

நவம்பர் 10

அன்பு வாலுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே வாசலுக்கு வந்துவிடுகிறேன். அவருக்கே சங்கடமாக இருக்கிறது போல, இப்போதெல்லாம் எதிர்ப்பக்கமாகப் போகிறார்.

கோபம் இருந்தால் திட்டியாவது எழுது. முன்பு திட்டி எழுதினாயே, அதுகூட நன்றாகத்தான் இருந்தது. உனக்காக இல்லாமல் வேறு யாருக்காக நான் கடிதம் எழுதப் போகிறேன்?

வீட்டில் தனியாக இருக்கும்போது ஒன்று தோன்றியது. உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்ததால்தான் நான் உனக்கு அண்ணி. அவரே போய்விட்டார். அந்த உறவு அவரோடு போய்விடுமா, இங்கே இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது? உன்னிடம்தான் கேட்க வேண்டும். நான் இன்னும் உனக்கு அண்ணிதானா?

உடம்பைப் பார்த்துக்கொள். கீழே என்னவென்று கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல் இப்படியே விடுகிறேன்.

நவம்பர் 22

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் பழக்கத்தில் ‘அன்புள்ள அண்ணிக்கு, அண்ணன் எப்படி இருக்கிறார்’ என்று கை தானாக எழுதிவிடுகிறது. அதற்கு மேல் ஓடாது. தாளை மடித்து வைத்துவிடுவேன்.

கோபம் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். முதலில் தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு உங்களை வாய்க்கு வந்தபடி பேசினேன். அப்புறம் உங்கள் கடிதம் வந்தது. நான் அங்கே இருந்திருந்தாலும் ஐஸ் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதை அன்றைக்கே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். இத்தனை நாள் உங்களை வாசலில் நிற்க வைத்துவிட்டேன்.

நேற்று உங்கள் கடிதம் கிடைத்ததும் மேற்பார்வையாளர் அம்மாவிடம் போய் லீவு கேட்டேன். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

“ஆகஸ்ட்லதானே போயிட்டு வந்தே? அண்ணனும் தவறிட்டாருன்னு சொன்னே. இன்னும் அங்க யாரு இருக்கா உனக்கு?”

“எங்க அண்ணி இருக்காங்க.”

“அவங்களுக்கு உடம்பு சரியில்லையா?”

“இல்லம்மா. தனியா இருக்காங்க.”

லீவுத் தாளை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து நிற்காதீர்கள். எனக்காக எதுவும் சமைத்தும் வைக்க வேண்டாம். நான் வந்து உலை வைக்கிறேன். நீங்கள் ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாயிற்றோ.

உங்கள் நாத்தனார்